நான் நீட்டிய கை

மாசி 9, சனி இரவு. பிரிக்பீல்ட்ஸ்.

கோலாலம்பூருக்கு வந்து ஒரு மாதமாக நான்தான் இந்நகரின் சக்கரவர்த்தி. போன வாரக் கப்பலில் கோவிந்தன் வந்து இறங்கினான், ராஜ்யம் போயிற்று. அவன் என் அக்காள் புருஷனின் தம்பி. அக்காள் மகள் செல்லத்துக்குச் சித்தப்பா.

இன்று இருவரையும் ரிக்‌ஷாவில் ஏற்றி ஊர் காட்டக் கிளம்பினேன். “அதோ மணிக்கூண்டு” என்று இடக்கையை நீட்டினேன். “இதோ ஆறு” என்று வலக்கையை நீட்டினேன். நீட்டிய பக்கமெல்லாம் வண்டியிழுத்த சீனர் திரும்பினார். மலாய் தெரியாதவர்கள் இங்கே கையால்தான் வழி சொல்வார்களாம். பூமியை ஏழு முறை சுற்றிவிட்டு எங்கள் வீட்டு வாசலிலேயே வந்து நின்றோம்.

“என்ன மச்சான், ஊரு இவ்வளவுதானா?” என்றான் கோவிந்தன். பிறகு, கப்பலில் கற்ற மலாயில் “தெருஸ்” என்று ஒரு சொல் சொன்னான். வண்டி நேராக ஓடியது. செல்லம் என் மடியிலிருந்து அவன் மடிக்கு மாறிவிட்டாள். என் வயிற்றில் பற்றிய தீயில் ஒரு ரயிலையே ஓட்டியிருக்கலாம்.

“அடுத்த ஞாயிறு சித்தப்பாதான் ரயில்ல கிள்ளான் துறைமுகத்துக்குக் கப்பல் காட்டக் கூட்டிட்டுப் போகணும். மாமா, நீங்களும் வாங்க. கைய மட்டும் கட்டிக்கிட்டு உக்காருங்க” என்றாள்.

சரி என்றேன். ஆனால் ரயிலில் அவள் பக்கத்து இடம் எனக்குத்தான். அன்று கோழி கூவுமுன் ஸ்டேஷனில் இருப்பேன்.