கடைசி நிறுத்தத்தில் ஒரு சார்ஜர்

அன்புள்ள வாயாடிக்கு,

நான் நலம். போனில் பேசினால் வள்ளென்று விழுகிறேன், நீ வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

மாடிக் குழாய் இன்னும் ஒழுகுகிறதாமே? அந்தப் பிளம்பரைச் சும்மா விடாதே.

இங்கே வேலை முடிகிற கட்டம். எல்லா மின்சாரப் பேருந்துகளையும் ஒரே நேரத்தில் சார்ஜில் போட்டால் பணிமனை டிரான்ஸ்பார்மர் தாங்காது. எது முதலில், எது பிறகு என்று முறை வைத்துக் கொடுத்துவிட்டேன். “ஆஸ்பத்திரி டோக்கன் மாதிரி இருக்கே தம்பி” என்று மேலாளர் கிண்டல் செய்கிறார்.

ஒரே ஒரு மாலை வண்டி மட்டும் கணக்கில் அடங்கவில்லை. தினமும் பேட்டரி அதிகமாகக் குறைந்து திரும்பியது. மீட்டரைச் சந்தேகப்பட்டேன். பிறகு நானே ஏறிப் போனேன். கடைசி நிறுத்தத்தில் ஓட்டுநர் ஏசியை அணைக்காமல் காத்துக்கொண்டிருந்தார். “நிக்கிற வண்டிக்கு எதுக்குய்யா ஏசி?” என்று கத்தினேன். அவர் சாலையின் எதிர்ப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிரே இருந்த தையல் தொழிற்சாலையிலிருந்து ஓர் அம்மா வியர்த்து வழிய வந்து முன் இருக்கையில் உட்கார்ந்தார். ஓட்டுநரின் மனைவி. அவருக்கு மாலை வேலை, அந்த அம்மாவுக்குப் பகல் வேலை. ஒருவர் விழித்திருந்தால் மற்றவர் தூங்குகிறார். “இங்கதான் சார் நாங்க குடும்பம் நடத்துறோம்” என்று அந்த அம்மா சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சாருக்கு இன்னும் கல்யாணம் ஆகலையோ?” என்றார். ஆகிவிட்டது என்றேன். நம்பின மாதிரி தெரியவில்லை.

அந்தக் காத்திருப்பை வெட்டினால் கணக்கு சரியாகிவிடும். வெட்டவில்லை. அங்கேயே ஒரு சார்ஜர் வேண்டும் என்று திட்டத்தில் சேர்த்தேன். மேலாளர் காரணம் கேட்டார். வண்டி எப்படியும் நிற்கிறது, நிற்கும்போது சார்ஜ் ஏறட்டும் என்றேன். தலையைச் சொறிந்துகொண்டே கையெழுத்துப் போட்டார்.

என் அறையில் ஒரே ஒரு நாற்காலிதான். வந்த நாள் முதல் அது போதும் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த வண்டியில் போய்வந்த ராத்திரி போதவில்லை.

இதே வேலைக்கு வேறோர் ஊரில் இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொல்கிறார்கள். மாதக் கடைசிக்குள் பதில் சொல்லவேண்டும். உன்னைக் கேட்டால் “உங்க இஷ்டம்” என்கிறாய். இதெல்லாம் ஒரு பதிலா? என் இஷ்டம் எனக்குத் தெரியும். உன்னுடையதைச் சொல்.

பழையபடி என்னைத் திட்டு. மரியாதையாக வீடு வந்து சேருங்கள் என்று ஒரு வரி எழுது, போதும்.

அதுவரை கிளம்பாமல் நிற்கும்
உன் வீட்டுக்காரன்