மேடையில் நீங்கள் எனக்குத் தாய்

அண்ணே,

எழுபது தாண்டிய பிறகு எனக்கு எழுத்து வந்துவிட்டது. சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் சொல்லித் தருகிறார்கள். அரிச்சுவடியில் ‘அம்மா’ என்று போட்டுப் பக்கத்தில் ஒரு படம். பெரிய பொட்டு, வெள்ளைச் சேலை, தாடை மட்டும் கொஞ்சம் அகலம். பார்த்ததும் சிரித்துவிட்டேன். வேடம் கட்டிய நீங்களேதான். என்ன தாத்தா என்று கேட்ட டீச்சரிடம், இவர் எங்கள் பட்டறை மெக்கானிக் என்றேன். அந்தப் பெண் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கிள்ளான் பட்டறையில் நீங்கள் லோரி இஞ்சின் பிரிப்பவர், நான் டயர் மாற்றுபவன். திருவிழா வந்தால் நீங்கள் தாய், நான் சிறைக்குப் போகும் மகன். கோயில் மேடைக்கு வீட்டுப் பெண்களை அனுப்பாத காலம் அது. உங்கள் மடியில் தலை வைத்தால் பவுடரும் கிரீஸும் கலந்த வாசம் அடிக்கும். என்னை வழியனுப்பும் பாட்டை நீங்கள் தொடங்கியதும் கச்சான் கடலை விற்பவர்கூடக் கூவுவதை நிறுத்திவிடுவார். நாடகம் முடிந்ததும் பெண்கள் வந்து உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள்.

பக்கத்து ஊரான மேருவில் இருந்த உங்கள் அம்மா மட்டும் வந்ததே இல்லை. ஒவ்வொரு வருஷமும் முன்வரிசையில் ஒரு நாற்காலி போடச் சொல்வீர்கள். திரை ஓரமாக எட்டிப் பார்ப்பீர்கள். அதில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

பிறகு அவருக்குக் கலர் டிவி வாங்கினீர்கள். பட்டறை லோரியில் நாம் இருவரும்தான் கொண்டுபோய் இறக்கினோம். அன்று சாயங்காலமே ஒரு படம் போட்டார்கள். அதில் ஒரு தாய், மகனை நினைத்துப் பாடினாள். உங்கள் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நீங்கள் படத்தைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

“நல்லா நடிக்கிறாளாம்மா?”

“நடிப்பா இது? பெத்தவடா அவ. மூஞ்சியிலயே தெரியுதுல்ல.” கொஞ்ச நேரம் கழித்து, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: “நீயும் நல்லா அழுவியாமே. பாசார்ல எல்லாரும் சொல்றாங்க.”

“ஒரு தடவ வந்து பாரும்மா.”

“வேணாம்டா. எனக்கு நீ மவனா இருந்தா போதும்.”

ஏரியலைத் திருப்பிவிட்டு வருகிறேன் என்று வெளியே போனீர்கள். படம் தெளிவாகத்தான் தெரிந்தது. நான் பின்னால் வரவில்லை.

அதன்பின் நீங்கள் நாற்காலி போடச் சொன்னதில்லை. சில வருஷத்தில் கோயிலிலும் நாடகத்தை விட்டுவிட்டு வெள்ளைத்துணி கட்டிப் படம் போட ஆரம்பித்தார்கள். அம்மா போனபோது, மொட்டைத் தலையோடு பட்டறைக்கு வந்து நேரே லோரிக்கு அடியில் படுத்துக்கொண்டீர்கள். அந்தப் பாட்டை ஒருமுறை பாடுங்கள் என்று பையன்கள் கேட்டார்கள். “மறந்துபோச்சுலா” என்று கீழேயிருந்து குரல் மட்டும் வந்தது. மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். இப்போது நீங்களும் இல்லை.

எழுத்து கூடியதும் அந்தப் பாட்டைத்தான் முதலில் எழுத உட்கார்ந்தேன். யாரும் அதைப் பதிவு செய்து வைக்கவில்லை. நாடகம் எழுதியவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அத்தனை வருஷம் உங்கள் மடியில் கிடந்து கேட்டவன் நான் ஒருவன்தான். ஆனால் நான் கேட்ட விதம் வேறு. நீங்கள் ஒரு அடி பாடி முடித்தால் நான் பதில் சொல்ல வேண்டும். வாசிக்கத் தெரியாதவன், என் முறை தவறிவிடுமோ என்ற பயத்தில் ஒவ்வொரு அடியின் கடைசிச் சொல்லுக்காகவே காத்துக் கிடந்தேன். அந்தச் சொற்கள்தான் என்னிடம் இருக்கின்றன.

ராசா. சோறு. வாசல். போய் வா.

ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதியிருக்கிறேன். எழுத்து அழகாக வந்திருக்கிறது, அண்ணே. ஒவ்வொன்றுக்கும் முன்னால் இடம் விட்டிருக்கிறேன். அங்கே நீங்கள் என்ன பாடினீர்கள் என்று சொல்லத்தான் ஆளில்லை.