வெளிச்சம் வருகிற இடம்

முத்தாபுதுப்பேட்டை,
ஆவடி.
14-11-1991

அன்புள்ள எட்மண்ட் அண்ணனுக்குத் தங்கை வனஜா எழுதுவது.

அந்தக் குளிர் தேசத்தில் உங்கள் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். நாங்கள் எப்படி இருக்கிறோம் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன், படித்துவிட்டு அதற்கு நீங்களே ஒரு பேர் வைத்துக்கொள்ளுங்கள். இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டும் வந்து சேரவில்லை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறேன். சேர்ந்தும் நீங்கள் பதில் போடவில்லை என்றால் எனக்கு மிச்சமிருக்கிற கொஞ்ச நஞ்ச தைரியமும் போய்விடும்.

முந்தாநாள் ஐயப்பன்தாங்கல் போய் செலின் அண்ணியைப் பார்த்தேன். ஏழாம் மாதம் நல்லபடியாக நடக்கிறது. காலில் மட்டும் கொஞ்சம் வீக்கம், டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறாராம். நீங்கள் பெரிய கோட்டு போட்டுக்கொண்டு நிற்கிற போட்டோவை டிவி மேல் வைத்திருக்கிறார். மெஷின் செய்கிற கம்பெனிக்காரனே உங்களைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கிறான் என்று அண்ணிக்கு அவ்வளவு பெருமை. விஷயத்தைச் சொல்லத்தான் இரண்டு பஸ் மாறிப் போனேன். காப்பி குடித்துவிட்டு, உங்கள் சரியான விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டு, வாயைத் திறக்காமல் திரும்பி வந்தேன். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளிடம் என்னவென்று சொல்வது?

லேசர் மெஷின் போய்விட்ட சேதியை இராமகிருஷ்ணன் சார் உங்களுக்கு பேக்ஸில் சொல்லியிருப்பார். எப்படிப் போயிற்று என்று முழுதாக எழுதியிருக்க மாட்டார். நீங்கள் பிளேன் ஏறின சனிக்கிழமைக்கு அடுத்த திங்கள் காலை. பூஜை லீவுக்குப் பிறகு முதல் தடவையாக சார் தன் கையாலேயே மெஷினைப் போட்டிருக்கிறார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றிருக்கிறார். முதலில் சந்தன ஊதுபத்தி வாசனை மாதிரி வந்ததாம், பிறகு தீய்ந்த நாற்றம், பிறகு டக்கென்று ஒரு சத்தம். மூடியைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே இருக்கிற நீளக் குழாயின் முனைக் கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது. அதன் மேல் கருகின சந்தனம், நடுவில் குங்குமம். குழாயில் அடைத்திருந்த வாயு எல்லாம் வெளியே போய்விட்டதாம். வேறு குழாய் அங்கிருந்து கப்பலில் வந்தால்தான் உண்டாம்.

எந்த ஊர் காலேஜிலிருந்து வந்தாலும் எல்லாரும் சேர்ந்து ஆராய்ச்சி செய்வதற்கு ஒரு மெஷின் வேண்டும் என்று சார் எட்டு வருஷம் டெல்லிக்கு நடந்து யுனிவர்சிட்டிக்கு வாங்கின மெஷின். அவர் கத்தக்கூட இல்லையாம். ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். அப்போதுதான் இந்த மனுஷன் முன்னால் போய், நான்தான் சார் பொட்டு வைத்தேன் என்று சொல்லியிருக்கிறார்.

அவர் வைக்கவில்லை, நான் வைத்தேன். நான் வைத்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கே வைத்தேன் என்பதுதான் தெரியாது.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் டிபார்ட்மெண்டில் பூஜை, குடும்பத்தோடு வரலாம் என்று சொன்னீர்களே, அதற்குத்தான் வந்தேன். சின்ன வயதில் அப்பாவோடு டேங்க் பேக்டரிக்குப் போனவள் நான். வருஷத்தில் அந்த ஒரு நாள் எங்களை உள்ளே விடுவார்கள். அப்பாவுடைய லேத்துக்கு நான்தான் பொட்டு வைக்க வேண்டும். அப்பா அதன் உடம்பில் வைக்க விட மாட்டார். இரும்பைப் பிடித்துச் சுற்றுகிற அதன் வாயில் வைக்கச் சொல்லுவார். வேலை எங்கே நடக்கிறதோ அங்கேதான் சாமி இருக்கும் என்பார்.

அன்றைக்கு நீங்கள் எனக்காக மூடியைத் திறந்து காட்டினீர்கள். கிண்ணத்தோடு சும்மா நின்ற என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். "இன்னா தங்கச்சி, ஸ்க்ரூ டிரைவருக்கெல்லாம் பொட்டு வெச்சிட்டே, இத்த மட்டும் உட்டுட்டா கோச்சிக்கப் போவுது" என்றீர்கள். மாதா படத்தைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றுகிற மனுஷன் இப்படிச் சொல்கிறாரே என்று எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. வெளிச்சம் எங்கே இருந்து வரும் அண்ணா என்று கேட்டேன். நீங்கள் விரலை நீட்டிக் காட்டினீர்கள். அதற்குள் டெலிபோன் என்று யாரோ கூப்பிட, ஓடினீர்கள்.

அந்த இடத்தில் வைத்துவிட்டேன். மோதிர விரலால், பதமாக. திரும்பி வந்த நீங்கள் உள்ளே பார்க்காமல் மூடியை மாட்டினீர்கள். மேலே தகரத்தில் எங்கேயோ வைத்திருப்பேன் என்று நினைத்திருப்பீர்கள். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. கண்ணாடியில் விரல் படக்கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

என் வீட்டுக்காரர் அந்த நேரம் மாடியில் எல்லாருக்கும் பொரி கொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றுமே தெரியாது. திங்கட்கிழமை கருகிப்போன பொட்டைப் பார்த்ததும் தெரிந்துகொண்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்து மோதிர விரலைப் பார்த்தார். "பதினாலு வருசமா பாத்துகினு கீறேன், உன் பொட்டு எனக்குத் தெரியாதா" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. நீங்கள் மூடியைத் திறந்து காட்டினது முதல் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டு, இப்போதே போய் சாரிடம் சொல்லிவிடுகிறேன் என்று செருப்பைப் போட்டேன். வாசலில் கையை நீட்டி மறித்துக்கொண்டார். "நீ வாயத் தொறந்தா எட்மண்டு வேலயும் பூடும். அவன் சம்சாரம் புள்ளத்தாச்சி. ஒரு ஊடு எரிஞ்சா போதும்" என்றார்.

அவரை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். பதினோரு வருஷம் தினக்கூலியாக அந்த லேப்பைக் கூட்டித் துடைத்தவருக்கு ஜனவரியில் பர்மனெண்ட் ஆர்டர் வருவதாக இருந்தது. மெமோவில் என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? ஆர்டர் தாமதமான ஆத்திரத்தில் வேண்டுமென்றே செய்தாராம். டிசம்பர் இரண்டாம் தேதி திங்கட்கிழமை விசாரணை. அன்றைக்கு அவர் மறுபடியும் நான்தான் என்று சொன்னால் வேலை போவதோடு நிற்காது, போலீசுக்கும் போகும் என்கிறார்கள்.

நீங்கள் அனுப்பின பதிலை ஆபீசில் ஒருவர் எனக்குப் படித்துச் சொன்னார். நான் கிளம்பும்போது மெஷின் நல்ல நிலையில் இருந்தது என்று ஒரே வரி. அந்த ஒரு வரிதான் அவர் கழுத்தில் விழுந்திருக்கிறது. நீங்கள் போனபின் சாவி அவரிடம்தானே இருந்தது என்கிறார்கள். நல்ல நிலையில் இருந்ததா என்று நீங்கள் பார்த்தீர்களா, அண்ணா? கோபமாக எழுதுகிறேன் என்று நினைப்பீர்கள். ஆமாம், கோபம்தான்.

அவருக்குத் தெரியாமல் போன வாரம் சாரைப் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் பேரை மட்டும் சொல்லவில்லை. பொறுமையாகக் கேட்டார், தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். கடைசியில், எந்தப் பெண்டாட்டியும் இதைத்தானம்மா சொல்லுவாள் என்றார். ஆள் அனுப்பி இவரை வரவழைத்து என் முன்னாலேயே கேட்டார். இவர் என் முகத்தைப் பார்க்காமல், அவள் பொய் சொல்கிறாள் சார் என்று சொல்லிவிட்டார்.

இதை எழுதாமல் விடலாம் என்று இருந்தேன், எழுதிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை திருவேற்காடு கோயிலுக்குப் போய்வருகிறேன் என்று கிளம்பினார். பதினொரு மணிக்கு ரயில்வே கேட்டில் வேலை பார்க்கும் ராயப்பன் அவரைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தார். அண்ணனூர் பக்கம் தண்டவாளத்தை ஒட்டி வெகுநேரம் நின்றுகொண்டிருந்தாராம். கேட்டதற்கு, வண்டி போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றாராம். ராயப்பன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தங்கச்சி, இவரைத் தனியாக எங்கேயும் அனுப்பாதே என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவர் கொல்லைக்குப் போனால்கூட நான் கதவருகில் நிற்கிறேன்.

இன்னொருத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தத் திங்கட்கிழமை மெஷினைப் போட்டதே ஜெயகுமாரி என்ற பெண்ணுக்காகத்தான். திருநெல்வேலியில் ஒரு காலேஜில் ஆராய்ச்சி செய்கிறாள். நாலு வருஷம் பாடுபட்டு ஏதோ மருந்து தயாரித்து, இந்த மெஷினில் மூன்று நாள் வேண்டும் என்று எழுதிப் போட்டு ஆறு மாதம் காத்திருந்து வந்தவள். ஹாஸ்டலில் இடமில்லை என்று என் வீட்டுக்காரர்தான் சனிக்கிழமை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தார். இரண்டு நாள் என் கையால் சாப்பிட்டாள். ஐஸ் போட்ட பிளாஸ்கைக் குழந்தை மாதிரி தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தாள். உதவிப்பணம் மார்ச்சோடு நின்றுவிடுமாம், அதற்குள் முடிக்காவிட்டால் கல்யாணம் செய்துகொள் என்று அவள் அப்பா சொல்லிவிட்டாராம்.

எல்லாம் முடிந்தபின் பையை எடுக்க வந்தாள். ஐஸ் கரைந்து பிளாஸ்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. என்னைத்தான் திட்டப் போகிறாள் என்று மூலையில் நின்று அழுதேன். அவள் கிட்டே வந்து தன் துப்பட்டாவால் என் முகத்தைத் துடைத்தாள். "அண்ணன் நல்ல எண்ணத்துலதான் செஞ்சிருக்காவ, நீங்க அழாதீங்கக்கா" என்று என் வீட்டுக்காரரைச் சொன்னாள். துடைக்க விட்டுக்கொண்டு நின்றேன்.

அண்ணா, உங்களிடம் உண்மையை எழுதச் சொல்லி நான் கேட்கவில்லை. உண்மையை எழுதினால் உங்களைப் பாதிப் படிப்பில் திருப்பிக் கூப்பிட்டுவிடுவார்கள், அண்ணி முகத்தை நான் எப்படிப் பார்ப்பது? கீழே இருப்பதை மட்டும் இங்கிலீஷில் மாற்றி சாருக்கு பேக்ஸ் அனுப்பிவிடுங்கள்.

பூஜை அன்று நான் டெலிபோன் பேசப் போயிருந்தேன். அப்போது தேவராஜின் மனைவி வனஜா யாரையும் கேட்காமல் லேசர் அறைக்குள் போயிருக்கிறாள். மூடியை அவளே திறந்திருக்கிறாள். அவள் சந்தனக் கிண்ணத்தோடு வெளியே வருவதைப் பார்த்தேன், பெரிதாக நினைக்கவில்லை. தேவராஜ் அந்த நேரம் மாடியில் பொரி கொடுத்துக்கொண்டிருந்தார்.

கடைசி வரி ஒன்றாவது சத்தியம். மற்றதை யார் கேட்டாலும் நான் ஆமாம் என்பேன். நீங்கள் சொன்னால் சார் நம்புவார், மெஷின் தெரிந்தவர் சொல்வது வேறு, பெண்டாட்டி சொல்வது வேறு. எனக்கு என்ன ஆகிவிடும்? அடுப்படியிலிருந்து என்னை யார் சஸ்பெண்ட் செய்வது? போலீஸ் வந்தால் வரட்டும். அவர் உயிரோடு இருந்தால் போதும். டிசம்பர் இரண்டுக்குள் வர வேண்டும், அண்ணா. உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

அண்ணிக்கு சுகப்பிரசவம் ஆகட்டும். நீங்கள் எல்லாம் கற்றுக்கொண்டு வந்து உங்கள் கையாலேயே புதுக் குழாயை மாட்டுங்கள். மெஷினில் வருகிற முதல் வெளிச்சத்தை ஜெயகுமாரிக்குக் கொடுங்கள். யார் செய்த காரியம் என்று ஊர் முழுக்கச் சொல்லுங்கள், பேப்பரில்கூடப் போடட்டும். அந்தப் பெண்ணிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் பதிலை நம்பி உட்கார்ந்திருக்கும் தங்கை,
தே. வனஜா