போனஸுக்குத் தமிழில் என்ன?

மார்ச் 3, செவ்வாய்

இன்று முதல் நடப்பதை நடந்தபடியே எழுதப்போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். எனக்கே அவமானமாக இருந்தாலும் எழுதுவேன். ஒரு பொய் எழுதினாலும் அந்தத் தாளைக் கிழித்துவிட வேண்டும் என்று எனக்கு நானே சட்டம் போட்டிருக்கிறேன்.

முதல் உண்மை: என் புத்தக அலமாரி வந்துவிட்டது! கண்ணாடிக் கதவு, ஐந்து தட்டு. அப்பாவுக்கு வங்கியில் போனஸ் கிடைத்ததால் வாங்கினோம். அப்பா கடன் பிரிவின் தலைவர். யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று முடிவு செய்பவர்.

இரண்டாவது உண்மை: வகுப்பில் எனக்கு ஒரே ஒரு தோழிதான். அவளுடைய அம்மா தையல் கடை வைத்திருக்கிறார், அவளும் ஒல்லி, அதனால் நான் அவளை ஊசி என்பேன். கேட்டாலும் கேட்காவிட்டாலும் நான் எல்லாச் சொல்லுக்கும் பொருள் சொல்வதால் அவள் என்னை அகராதி என்பாள். அகராதி என்றால் திமிர் என்றும் ஒரு பொருள் உண்டு என்று அவளிடம் சொன்னேன். "ரெண்டுமே நீதான்டி" என்றாள்.

மார்ச் 11

அப்பாவின் வங்கியை மூடிவிட்டார்கள். கொடுத்த கடன்கள் திரும்பி வரவில்லையாம். மூடவில்லை என்கிறார் அப்பா. "தற்காலிகமா நிறுத்தி வெச்சிருக்கோம்." ஆனால் கதவில் பூட்டு தொங்குகிறது. வரிசை பால் கடை வரை நீள்கிறது. பூட்டிய கதவுக்கு எதற்கு வரிசை? ஊசியின் அம்மாவும் அதில் நின்றார். கழுத்தில் அளவு நாடா. கழற்றி வைக்க மறந்து ஓடிவந்திருக்கிறார். கடையைப் பெரிதாக்கச் சேர்த்ததெல்லாம் அங்கேதான் இருக்கிறதாம்.

மார்ச் 12

எழுதத்தான் வேண்டும்.

தமிழ் டீச்சர் செய்தித்தாளை வைத்துக்கொண்டு, "போனஸுக்குத் தமிழ்ல என்ன?" என்று கேட்டார். எனக்கு முன்னால் என் கை எழுந்துவிட்டது.

"ஊக்கத்தொகை, டீச்சர். சிறப்பா வேலை செஞ்சவங்களுக்கு, இன்னும் ஊக்கமா செய்யணும்னு கொடுக்கறது."

அங்கே நிறுத்தியிருக்கலாம். பொருள் சொன்னால் எடுத்துக்காட்டும் சொல்வதுதானே முறை! "எங்கப்பாவுக்குக்கூடப் போன மாசம் கொடுத்தாங்க."

பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "அவ்ளோ நல்லா வேலை செஞ்சதாலதான் பூட்டிட்டாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. சிரித்தவர்களைத் திட்டவும் இல்லை. நான் பக்கத்தில் திரும்பினேன். ஊசி பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். ஏற்கனவே கூராக இருந்த பென்சில்.

மார்ச் 13

இப்போது என் பெயர் போனஸ்.

மார்ச் 16

ஊசி மூன்றாவது பெஞ்சுக்குப் போய்விட்டாள். ஏன் என்று கேட்டேன். "அங்க வெளிச்சம் நல்லா இருக்கு" என்றாள்.

எங்கள் பெஞ்சுதான் ஜன்னலோரம்.

மார்ச் 20

யார் யாருக்குப் போனஸ் கொடுத்தார்கள் என்று பேப்பரில் பட்டியல் வந்துவிட்டது. அப்பா பெயர் ஆறாவது. சாயங்காலம் பத்துப் பதினைந்து பேர் எங்கள் கேட் முன்னால் வந்து நின்றார்கள். கூச்சல் போடவில்லை. தொப்பி போட்ட ஒருவர் மட்டும் மரியாதையாகக் கேட்டார்: "சார், எங்க காசுல விளக்கு நல்லா எரியுதா?"

அதனால் இனி ஆறு மணிக்கு மேல் விளக்கு கிடையாது. வீட்டில் யாருமில்லை என்று நினைத்துப் போய்விடுவார்களாம். மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். இருட்டில் கேட்பது சுலபமாக இருந்தது.

"அப்பா, நீங்க நல்லா வேலை செஞ்சீங்களா?"

"வாயை மூடிட்டு இருடி" என்றாள் அம்மா.

அப்பா சொன்னார்: "ஒப்பந்தத்துல இருந்ததைத்தாம்மா வாங்கினேன். யார்கிட்டயும் திருடலை."

நான் திருட்டைப் பற்றிக் கேட்கவே இல்லையே.

மார்ச் 24

காலையில் கேட்டில் எழுதியிருந்தது: ஊக்கம் போதுமா?

நீல நிறம். துணியில் கோடு போடும் தட்டைச் சாக்பீஸ். காலைக் கீழே நீட்டி இழுக்கும் அந்த மா யாருடையது என்று எனக்குத் தெரியும். ஊக்கம் என்பதில் ஒற்றுப்பிழை இல்லை. போன வருடம் வரை அவள் 'ஊகம்' என்றுதான் எழுதுவாள். நான்தான் திருத்தினேன்.

அப்பா பார்ப்பதற்குள் சட்டைக் கையால் துடைத்துவிட்டேன். கை இன்னும் நீலமாக இருக்கிறது.

மார்ச் 27

இடைவேளையில் யாரோடு நிற்பது என்று தெரியாததால் மூன்று முறை தண்ணீர் குடிக்கப் போனேன். தாகமே இல்லை. புது அலமாரியில் இரண்டு தட்டு இன்னும் காலி. சொல்லிக் காட்ட ஆளில்லாமல் புதுச் சொல் எதையும் தேடத் தோன்றவில்லை.

மார்ச் 30

ஆறரை மணி. இருட்டில் உட்கார்ந்திருந்தோம். கேட் ஆடியது.

"அகராதி!"

போனஸ் இல்லை. அகராதி. பதினெட்டு நாள் ஆயிற்று அதைக் கேட்டு.

"அகராதி, நான்தான்டி. அம்மாவுக்குத் தெரியாது. நானாத்தான் வந்தேன். அன்னைக்குக் கேட்ல எழுதினது... கொஞ்சம் வெளிய வாயேன்."

எழுந்துவிட்டேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். "கூட யார் இருக்காங்களோ. வேணாம்மா." இறுக்கிப் பிடிக்கவில்லை. உண்மையை எழுத வேண்டும்: உதறியிருந்தால் விட்டிருப்பார்.

நான் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் இன்னும் ஒரு முறை கூப்பிட்டாள். அப்புறம் செருப்புச் சத்தம், தெருமுனை வரைக்கும்.

மார்ச் 31

ஊசி எங்கள் பெஞ்சுக்கு வந்தாள். பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் நின்றாள்.

"நேத்து வந்தேன். வீட்ல இல்லையா நீ?"

இருந்தேன் என்று ஒரு சொல் போதும். எனக்கு எத்தனை ஆயிரம் சொல் தெரியும்!

"விளக்கெல்லாம் அணைஞ்சிருந்துச்சே" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "நான் விளக்கைப் பத்திக் கேக்கலையே" என்றாள். பையைச் சரிசெய்துகொண்டு மூன்றாவது பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

நான் சொன்ன வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. என் சட்டப்படி இந்தத் தாளைக் கிழிக்க வேண்டியதில்லை.

மணி ஆறு. ஜன்னலில் மிச்சமிருக்கும் வெளிச்சத்தில் எழுதுகிறேன். யாரும் சொல்லவில்லை. இன்று விளக்குகளை அணைத்தது நான்.