டம்ளருக்குள் ஒரு வெள்ளை நூல்

என் பொன்னு அக்காவுக்கு,

நீ போய் இரண்டு வருடம் கழித்துத்தான் எழுத உட்காருகிறேன். உன் இதயத்தின் சுவர் தடித்துப்போயிருந்தது, இது குடும்பத்தில் வரக்கூடியது, கூடப்பிறந்தவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது நீ உயிரோடு இல்லை. நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. மஸ்கட்டில் இருக்கும் என் வீட்டுக்காரரிடம்கூட.

என் மகள் மினிக்கு மூன்று வயதாகிறது. ஓடிவந்து மூச்சு வாங்கினால் அவள் நெஞ்சில் காது வைத்துக் கேட்கிறேன். எனக்கும் இருக்கிறதா? அவளுக்கும் கொடுத்துவிட்டேனா? ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் தைரியம் வரவில்லை.

போன புதன்கிழமை மத்தியானம் ஒரு பைத்தியக்காரத்தனம் செய்தேன். கல்லூரியில் வெங்காயத்திலிருந்து டி.என்.ஏ. பிரித்த கதையைச் சொல்வேனே, அதை என் எச்சிலில் செய்து பார்த்தேன். பூவாரிலிருந்து வரும் மீன்காரியிடம் ஒரு பிடி ஐஸ் கெஞ்சி வாங்கி, உதியன்குளங்கரை மருந்துக்கடை ஸ்பிரிட்டை அதில் புதைத்து வைத்தேன். உப்புத் தண்ணீரைக் கொப்பளித்து டம்ளரில் துப்பி, அரை பாக்கெட் ஷாம்பூ கலந்தேன். பிறகு டம்ளரைச் சாய்த்து ஸ்பிரிட்டை ஓரமாக வழியவிட்டேன்.

வந்தது அக்கா! ஸ்பிரிட்டுக்குள் வெள்ளையாக, சிலந்தி நூல்போல எழும்பி நின்றது. உன்னையும் என்னையும் செய்த சரக்கு. ஆனால் அதில் நோய் எங்கே? எவ்வளவு நேரம் பார்த்தும் அந்த நூல் ஒன்றும் சொல்லவில்லை. நீ இல்லாமல் யாரைக் கூப்பிட்டுக் காட்ட?

வந்தது என் மாமியார்.

“பிள்ளைக்கி கண்ணேறாக்கும்? உப்புல மூணு துப்பு துப்பினியா?”

“இது சயன்ஸ், மாமி.”

“சயன்ஸுக்கு உப்பு உண்டு, முளகு இல்லியா? நல்ல படிப்பு! அடுப்புல போடாம பாத்துக்கிட்டு நின்னா கண்ணு போவுமா?”

நான் தடுப்பதற்குள் டம்ளரை எடுத்து எரிகிற அடுப்பில் கவிழ்த்துவிட்டார். ஸ்பிரிட் குப்பென்று பற்றி நீலமாக எழும்பியது. மாமி இரண்டடி பின்னால் குதித்தார்.

“எம்மோ! பாத்தியா மக்கா, எம்புட்டு கண்ணு பட்டுக் கெடந்திருக்கு!”

சிரித்தேன். அது எப்போது அழுகையாக மாறியதென்று தெரியவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன் நெஞ்சு, டாக்டர் சொன்னது, என் பயம், எல்லாம்.

மாமி அடுப்பைத் தணித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“ரெண்டு வருசமா ஒத்தைக்கா சொமந்த? எனக்குப் படிப்புதான் இல்ல. காதுமா இல்ல? திங்களாழ்ச்ச திருவனந்தபுரம் போவோம். பிள்ளைய இடுப்புல எடுக்க நானும் வாறேன்.”

உன்னை யாரும் இப்படி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போகவில்லையே அக்கா. கிணற்றடியிலிருந்து குடத்தோடு வரும்போது நீ பாதியில் நிற்பாய். “மகாராணிக்கு மடி, சோம்பல்” என்று கேலி செய்தவள் நான்தான். அன்றைக்கு ஒரு வார்த்தை, என்ன செய்கிறது என்று கேட்டிருந்தால்?

திங்களன்று ரயிலேறுகிறேன். டாக்டர் என்ன சொன்னாலும் முழுவதும் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பேன். என் மினி எங்கேயாவது பாதியில் நின்றால், நானும் நின்று, ஏனென்று கேட்பேன். இது உனக்குத் தரும் வாக்கு.

கேட்காமல் போன,
உன் கூடப்பிறந்த தங்கச்சி