மடியில் இருந்த சாவி

குற்றாலம்,
சுபகிருது வருடம், ஆடி 10.

இன்று தென்காசியில் நாடகம் பார்த்தேன். ரிட்டயர் ஆகப்போகும் இன்ஸ்பெக்டர் கடைசியாக ஒரு திருடனைப் பிடிக்கும் கதை. இந்த வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதால் நோட்டீஸை நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். திருடன் வேடம் புளியங்குடிப் பையனுக்கு. ஆவணியில் என் பேத்தியை அவனுக்குத்தான் கொடுக்கிறோம்.

திருடன் திறக்க வேண்டிய மேடைப் பெட்டிக்கு எங்கள் நகைப்பெட்டிப் பூட்டைக் கொடுத்திருந்தேன். சாவியைக் கொடுக்க மறந்துவிட்டேன். பையன் கொஞ்சம் திகைத்தான். பிறகு ஒரு கம்பியை விட்டு, கண்மூடித் திறப்பதற்குள் திறந்துவிட்டான். கொட்டகையே கைதட்டியது. நானும் தட்டினேன். மடியிலிருந்து சாவி விழுந்தது.

பக்கத்தில் இருந்த எங்கள் ஊர்ப் போலீஸ் ஏட்டையா அதை எடுத்தார். அவரும் ரிட்டயர் ஆகப்போகிறவர்.

"இது அந்தப் பூட்டுச் சாவியில்லா?"

"ஆமா ஏட்டையா."

அவர் சிரிக்கவில்லை. "கல்யாணத்த ஐப்பசிக்குத் தள்ளி வைங்க அண்ணாச்சி. அதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிருவேன், பிடிக்கிற வேல எனக்கு இருக்காது."

வேடிக்கைக்குத்தான் சொன்னாரா? யாரிடமும் கேட்க முடியாது. எழுதவாவது தெரிந்ததே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

நாடகம் முடிந்ததும் பையன் பூட்டைத் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தான். "எண்ணெய் போட்டிருக்கேன் தாத்தா. இனி லேசாத் தெறக்கும்."

நல்ல பிள்ளைதான். பூட்டை நகைப்பெட்டியில் மறுபடியும் மாட்டிவிட்டேன். இதை அந்தப் பெட்டியின் மேல் வைத்துத்தான் எழுதுகிறேன். தூக்கம் வந்தாலும் அதை விட்டு நகர்ந்து படுப்பதாக இல்லை.