ஆட்டுத் தோல் எரித்த கலோரி

ஆம்பூர்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் ஹேமந்துக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்கு ஒரு சண்டையும் போட்டுக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். அங்கே நீயும் தமிழினியும் அவள் வயிற்றில் இருக்கிற குட்டியும் அந்தக் குளிரில் சௌக்கியமாக இருக்க விரிஞ்சிபுரத்து மார்க்கபந்தீஸ்வரர் துணையிருக்கட்டும். என் இதயமும் நன்றாகவே துடிக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நேற்று அது நின்றுபோய்விட்டதாக நினைத்து நீ மூன்று முறை போன் செய்தாய். வாட்ச்சில் சார்ஜ் இல்லை என்று நான் சொன்னது பொய். உண்மை கொஞ்சம் நீளம், போனில் சொன்னால் நடுவில் புகுந்து எனக்கே பாடம் எடுப்பாய், அதனால் தாளில் எழுதுகிறேன், அப்பா போட்டோ எடுத்து அனுப்புவார். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

நீங்கள் செய்த ஏற்பாட்டில்தான் எல்லாம் ஆரம்பித்தது. பிரசவத்துக்கு எடின்பரோவுக்கு நான் வருகிறேன் என்றேன், தமிழினியைப் பெற்ற பங்கஜம் அண்ணியும் நான்தான் வருவேன் என்றார். உங்கள் வீட்டில் உபரியாக இருப்பது ஒரே அறை, ஏறவேண்டியது நாலு மாடி, லிஃப்ட் கிடையாது. எங்கள் இரண்டு பேரில் யாரிடம் 'நீங்க அப்புறம் வாங்க' என்று சொல்வது என்று தெரியாமல் ஆளுக்கொரு வாட்ச் வாங்கி அனுப்பினீர்கள். ஐப்பசி முடிவதற்குள் யார் நடந்து ஜாஸ்தி கலோரி எரிக்கிறார்களோ அவர்களுக்கு மாடி ஏறத் தெம்பு இருக்கிறது, அவர்களுக்கே முதல் டிக்கெட் என்றீர்கள். நாடித் துடிப்பை எண்ணி எரிந்த கலோரியைச் சொல்லிவிடும், அங்கே உன் போனிலும் இரண்டையும் காட்டிவிடும், அதற்குப் பொய் சொல்லத் தெரியாது என்று நீ பெருமையாக வேறு சொன்னாய். அதற்குத் தெரியாது, வாஸ்தவம்தான். அதைக் கட்டிக்கொண்டிருந்தவர்களைப் பற்றி நீ யோசித்திருக்க வேண்டும்.

முதல் வாரம் நான் தோற்றுக்கொண்டுதான் இருந்தேன். பாலாற்றுப் பாலம் வரை வேர்க்க விறுவிறுக்க நடந்துவிட்டு வந்து பார்த்தால் நூற்றிச் சொச்சம் காட்டும். அரக்கோணத்தில் அண்ணி ரயில்வே காலனியை ஆடி அசைந்து சுற்றியே இருநூறைத் தாண்டிவிடுவார், நீ வாட்ஸப் குரூப்பில் அவருக்குக் கைதட்டுகிற பொம்மை போடுவாய். எனக்கு வயிறு எரியும், அந்தக் கலோரியை மட்டும் வாட்ச் கணக்கில் சேர்க்காது. போதாததற்கு அந்த ரப்பர் பட்டை மணிக்கட்டில் அரிப்பைக் கொடுத்தது, அப்பாவிடம் காட்டினேன். ஷூ கம்பெனியில் காலமெல்லாம் தோல் வெட்டுகிற மனுஷனிடம் போய் ரப்பரைக் குறை சொன்னால் சும்மா இருப்பாரா. "ரப்பர்லாம் ஒரு பொருளா, குடு இங்க" என்று வாங்கிக்கொண்டு போய், கம்பெனியில் கழித்துப் போட்ட ஆட்டுத் தோல் துண்டில் வெண்ணெய் மாதிரி ஒரு பட்டை தைத்துக் கொண்டுவந்தார். கை உறுத்தக்கூடாதாம், வாட்ச்சின் அடியிலும் அதே தோலில் வட்டமாக ஒரு மெத்தை வைத்திருந்தார். மறுநாள் அதே பாலம், அதே நடை, வாட்ச் காட்டியது நானூறு. அப்பாவுடைய கைராசி என்று நான் அவருக்கு அன்று முட்டை தோசை ஊற்றிக் கொடுத்தேன்.

அதற்கப்புறம் என் ராஜ்ஜியம்தான். கோலம் போட்டால் நூறு, மாவு அரைத்தால் நூற்றைம்பது. கைதட்டுகிற பொம்மையெல்லாம் எனக்கு வர ஆரம்பித்தது. இவ்வளவு எரிக்கிற உடம்புக்குக் கொஞ்சம் போட்டுத்தானே ஆகவேண்டும் என்று ஆற்காட்டுப் பக்கம் யார் போனாலும் மக்கன் பேடா வாங்கிவரச் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை பிரியாணியில் இரண்டாவது தட்டையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. கலோரி எரிய எரிய என் ரவிக்கை இறுகிக்கொண்டே வந்தது. தையற்காரி ஜஹீதாவிடம் கொண்டுபோய், துணி சுருங்கிவிட்டது, பிரித்து விடு என்றேன். "எல்லா ரவிக்கையுமாக்கா சுருங்கிப்போச்சு" என்று கேட்டாள், நான் காதில் விழாதமாதிரி வந்துவிட்டேன்.

போன சனிக்கிழமை பங்கஜம் அண்ணி விரிஞ்சிபுரம் கோயிலில் தமிழினி பேருக்கு அர்ச்சனை செய்துவிட்டு, அப்படியே நம் வீட்டுக்கு வந்தார், கையில் அவர் வீட்டுக் கொடியில் காய்த்த சுரைக்காய். அர்ச்சனை ஒரு சாக்கு, வேவு பார்க்கத்தான் வந்தார் என்று எனக்குத் தெரியும். சாயங்காலம் இரண்டு பேரும் ஒன்றாகப் பாலம் வரை நடந்தோம். திரும்பி வந்து பார்த்தால் அவருக்கு இருநூறுகூட இல்லை, எனக்கு நானூற்றுக்கும் மேலே. "ஒரே ரோடு, ஒரே நடை, இன்னா அண்ணி இது அநியாயம்" என்று என் வாட்ச்சைக் கழற்றி வாங்கிப் பார்த்தார், பார்த்துவிட்டு அடுப்பு மேடையில் வைத்தார். அங்கே கையும் இல்லாமல் காலும் இல்லாமல் அது பாட்டுக்குத் தொண்ணூறு, தொண்ணூற்றைந்து என்று துடித்துக்கொண்டிருந்தது. திருப்பிப் பார்த்தால், நாடி பார்க்கிற பச்சை வெளிச்சத்தை அப்பாவின் தோல் மெத்தை மூடியிருக்கிறது. நான் கை வீசிய வேகத்தையே அது நாடி என்று எண்ணிக்கொண்டு இருந்திருக்கும் போல. "இத்தினி நாளா உங்க நாடிய பாக்கல அண்ணி, ஆட்டு நாடிய பாத்துனு இருந்துது" என்று அண்ணி சொல்ல, நான் மாவுத் தூக்கைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தேன். அப்பாவுக்கு மட்டும் ரோஷம், தையலைக் குறை சொல்லக்கூடாது என்றார்.

சிரித்து முடித்த பிறகு அண்ணியும் தன் வண்டவாளத்தை ஒப்புக்கொண்டார். எடையை ஏற்றிப் போட்டால் கலோரியும் ஏறும் என்று கண்டுபிடித்து, தன் எடைக்குப் பதில் உன் மாமனாருடைய எடையை வாட்ச்சில் போட்டு வைத்திருந்தாராம். கிருஷ்ணராஜ் அண்ணன் எவ்வளவு கனம் என்று உனக்குத் தெரியும். சரி, எடையைத் திருத்தி, தோலைப் பிரித்துவிட்டு மறுநாள் திரும்ப நடந்தோம். அப்போதும் இரண்டும் ஒன்றுபோல் காட்டவில்லை. வாட்ச்சை மாற்றிக் கட்டிக்கொண்டோம், எண்ணும் மாறியது. தண்ணீர் கேன் போடுகிறவனிடம் வாசலில் நின்ற இடத்தில் நின்றுகொண்டு சண்டை போட்டேன், நடந்ததற்குச் சமமாக எரிந்ததாகக் காட்டியது. கையில் ஒட்டிக் கட்டினால் நாடியை ஒழுங்காகத்தான் எண்ணுகிறது ஹேமந்து, நானே விரல் வைத்து எண்ணிப் பார்த்தேன். ஆனால் அது நடந்து துடித்ததா, கோபத்தில் துடித்ததா, வெயிலில் துடித்ததா என்று அதற்குத் தெரியவில்லை. கலோரி என்று அது சொல்வது குத்துமதிப்பு, அவ்வளவுதான்.

அப்புறம் சாப்பிட உட்கார்ந்தோம். அண்ணி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "நான் தோத்தாகூட பரவால்ல அண்ணி, எம்பொண்ணு வலியில அம்மானு கத்தற நேரத்துல நான் இங்க காலனிய சுத்தினு இருப்பனேன்னுதான் எடைய மாத்திப் போட்டேன். அவ ஒரு வார்த்த வாம்மானு கூப்புடல, வாட்ச்ச அனுப்பிட்டா" என்றார். கண்ணில் தண்ணீர். நான் ஒரு ஆட்டை வைத்து அந்தத் தாயின் முறையைத் தட்டிப் பறிக்க இருந்தேன். பேரக்குழந்தையை முதலில் என் மடியில் வாங்கவேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியும், அடுப்படிக்குப் போய் நானும் கொஞ்சம் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டுதான் வந்தேன். வந்து சொல்லிவிட்டேன், நீங்கதான் போகணும் அண்ணி என்று. நான் குழந்தை குப்புற விழுகிற சமயத்துக்கு வருகிறேன், அதற்குள் ரவிக்கையும் சரியாகிவிடும்.

நீங்கள் இரண்டு பேரும் செய்ததில் எனக்குக் கோபம்தான். யார் மனமும் நோகக்கூடாது என்று இரண்டு மனத்தையும் நோகடித்துவிட்டீர்கள். உங்கள் வாயால் சொல்லவேண்டியதை வாட்ச்சை விட்டுச் சொல்லவைக்கலாமா? போட்டி முடிந்தது, அத்தை ஜெயித்துவிட்டார் என்று குரூப்பில் பொம்மை போடாதே. தமிழினியை இன்றைக்கே அவள் அம்மாவுக்குப் போன் போட்டு, "அம்மா, எனக்குப் பயமா இருக்கு, நீ வா" என்று சொல்லச் சொல். வேறு ஒன்றும் சொல்லவேண்டாம்.

நேற்றைய விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் விளையாட்டாக என் வாட்ச்சை அந்தச் சுரைக்காயின் கழுத்தில் கட்டினோம், அதற்கும் எழுபது துடித்தது. பையன் கண்டுபிடிக்கிறானா பார்ப்போம் என்று, நடைக்கு மட்டும் கழற்றிக்கொண்டு மற்ற நேரமெல்லாம் அதன் கழுத்திலேயே விட்டுவைத்தோம். ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்து, "ராத்திரி முழுக்க துடிப்பு சீரா இருக்கும்மா, நல்லா தூங்கியிருக்கே, எல்லாம் நடையோட பலன்" என்றாய். நானும் அண்ணியும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டோம். நேற்று மதியம் அதைக் கடலைப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்துவிட்டோம். உனக்குத் துடிப்பு வராமல் போனது அதனால்தான். கூட்டு நன்றாக இருந்தது, அண்ணி இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு இன்று காலை வண்டிக்குத்தான் ஊருக்குக் கிளம்பினார்.

அண்ணி அங்கே புறப்படும்போது அந்த வாட்ச்சை அவரிடமே கொடுத்தனுப்புகிறேன், அடியில் ஓட்டை விட்டு அப்பா புதுப் பட்டை தைத்துக்கொண்டிருக்கிறார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறும்போது நீ கட்டிக்கொள், நாங்கள் இங்கிருந்து உன் எண்ணைப் பார்த்துக் கைதட்டுகிற பொம்மை போடுகிறோம். தமிழினியை மாடிப்படியில் தனியே இறங்க விடாதே, காதை மூடிக்கொண்டு வெளியே போகச் சொல், போன் போடச் சொன்னதை மறக்காதே. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழவேண்டும்.

என்றும் ஆசியுடன்,
கூட்டில் வேகாமல் இன்னும் துடித்துக்கொண்டிருக்கும் உன் அம்மா,
சி. சம்பூர்ணம்